செலவில்லாத நான்கு நாள்

“ஒரு பைசா செலவாகலக்கா” என்றாள். வல்லத்தில் எங்கள் தெருக்காரி. ஒன்பது மாதக் கைக்குழந்தைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிற்காமல் கண் குழி விழுந்துவிட, அரசு மருத்துவமனையில் நான்கு நாள் இருந்துவிட்டு வந்திருந்தாள். ரோட்டா வைரஸாக இருக்கும் என்றார்களாம். படுக்கை, ட்ரிப்ஸ், உப்பு சர்க்கரைக் கரைசல் எல்லாம் இலவசம். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அந்த இலவசத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் காதில் தோட்டைக் காணோம். கேட்டபிறகுதான் சொன்னாள்: முதல் ராத்திரி கார் வாடகை, பிறகு சாப்பாடு, பஸ். நூறு நாள் வேலைக்கும் நான்கு நாள் போகவில்லை. ஆறாம் வகுப்புப் படிக்கும் மூத்தவள் பள்ளிக்கு மட்டம்போட்டு ஆட்டையும் அடுப்பையும் பார்த்துக்கொண்டாள்.

நோய்ச்செலவை ஆராய்பவர்கள் இழந்த கூலியை ‘மறைமுகச் செலவு’ என்பார்கள். கூலியில்லாத தாயின் நாளுக்கு உத்தேசமாக ஒரு தொகை போடுவார்கள், அல்லது பூஜ்யம். 2024-25இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி 319 ரூபாய். நான்கு நாளுக்கு 1,276. விடிய விடியக் கரண்டி கரண்டியாகப் புகட்டியதற்கு இதுவா விலை என்று எனக்குக் கூசுகிறது. தாய்மைக்கு விலையா என்ற இந்தக் கூச்சத்தை வைத்துத்தான் இத்தனை காலம் நம் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள் என்பதும் தெரியும். 1,276 என்றாவது எழுதட்டும்.

பணமாக எழுத முடியாத ஒன்றும் உண்டு. “நீ சுத்தபத்தமா இருந்தா புள்ளைக்கு ஏன் வருது?” என்றாராம் மாமியார். ஐந்து வயதுக்குள் உலகத்தில் அநேகமாக எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையாவது தொட்டுவிடும் வைரஸ் இது. கழுவித் துடைத்த பணக்கார நாடுகளிலும் சுத்தம் மட்டும் இதைத் தடுக்கவில்லை. அதனால்தான் தடுப்பு மருந்தே தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் 2017இல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது: 6, 10, 14ஆம் வாரங்களில் சொட்டு மருந்து. இவள் மூன்று தவணையும் தவறவிட்டதில்லை. அப்படியும் வரும். டெல்லி, புனே, வேலூரில் நடந்து 2014இல் வெளியான ரோட்டாவாக் சோதனையில், முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு குறைந்தது சுமார் 56 விழுக்காடு. மிச்சத்தை அம்மாவின் தலையில் கட்டுவதற்கு எந்த ஆய்வும் தேவைப்படவில்லை.

மூத்தவளின் நான்கு நாளுக்கு என்ன போடுவது? அவளுக்குக் கூலி கிடையாது. அந்த வாரம்தான் வகுப்பில் பின்னம் தொடங்கினார்களாம். நேற்றுச் சாயங்காலம் நோட்டோடு வந்து நின்றாள்: “மேல இருக்கறது பகுதியா தொகுதியா, பெரியம்மா?”