ஆழம் தெரிந்துகொள்ளும் உரிமை

பொழுதுபோக்குக்காக ஏரியில் படகு ஓட்ட விரும்புகிறவர் முதலில் பாடம் படித்து, தேர்வெழுதி, சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஓர் அரசு கட்டாயப்படுத்தலாமா? அமெரிக்காவின் பல மாநிலங்கள் கட்டாயப்படுத்துகின்றன. நியூயார்க் மாநிலத்தில் அந்தச் சட்டத்தை ஒரு சிறுமியின் பெயரால் அழைக்கிறார்கள். 2005இல் படகுகள் மோதிய விபத்தில் பிரியானா இறந்தபோது அவளுக்கு 11 வயது. அவளுடைய அம்மா ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு 2019இல் சட்டம் நிறைவேறியது. படிப்படியாக அமலுக்கு வந்து, 2025 முதல் அந்த மாநிலத்தின் ஏரியிலோ ஆற்றிலோ இயந்திரப் படகு ஓட்டும் எல்லோருக்கும் அந்தப் பாடம் கட்டாயமாகிவிட்டது.

எதிர்ப்பவர்கள் கேட்பது இதுதான்: ஏரிக்குப் போவதே யாருடைய உத்தரவும் இல்லாமல் ஒரு நாளைக் கழிக்கத்தானே, அங்கேயும் அரசு வாத்தியாராக வந்து நிற்க வேண்டுமா? ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியான சுதந்திரம் பற்றிய நூலில் ஒரு பாலத்தை உதாரணம் காட்டுகிறார். இடிந்துவிழும் என்று உறுதியாகத் தெரிந்த பாலத்தில் ஒருவன் கால் வைக்கப் போகிறான். எச்சரிக்க நேரமில்லை என்றால் அவனைப் பிடித்து இழுக்கலாம். ஆனால் ஆபத்து நேரலாம், நேராமலும் போகலாம் என்ற நிலையில் அவனை எச்சரிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். போவதா வேண்டாமா என்பது அவன் முடிவு.

படகு ஓட்டுகிறவரின் நிலை இதிலிருந்து சற்று மாறுபட்டது. அவர் பணயம் வைப்பது தன் உயிரை மட்டும் அல்ல. பிரியானா அந்த முடிவுகளில் எதையும் எடுத்தவள் இல்லை. எதிரெதிரே வரும் இரண்டு படகுகளும் தத்தம் வலப்புறம் ஒதுங்க வேண்டும், இரவில் பச்சை விளக்கு படகின் வலப்பக்கம், சிவப்பு இடப்பக்கம், குடித்துவிட்டு ஓட்டக்கூடாது என்பதெல்லாம் அடுத்த படகில் இருப்பவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன். அந்தக் கடனை அரசு கட்டாயமாக்குவதில் எனக்குத் தயக்கமில்லை.

என் கேள்வி படகில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியது. மில்லின் பாலத்தருகே ஒரு பெண் நின்றிருந்தால் நம் ஊரில் என்ன நடக்கும்? அவளை யாரும் எச்சரிக்க மாட்டார்கள். பிடித்து இழுப்பார்கள், அதுவும் பாலம் கண்ணில் படுவதற்கு முன்பே.

என் சித்தி மகளுக்குத் தண்ணீரில் கண்டம் என்று ஜாதகம் சொன்னது. பள்ளியிலிருந்து வைகை அணைக்குச் சுற்றுலா போனபோது அவள் மட்டும் வீட்டில் இருந்தாள். கண்டம் இருக்கிறதென்றால் முதல் வேலையாக நீச்சல் பழக்குவோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. என் அம்மாச்சி சிறுமியாக இருந்தபோது முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றில் நீந்தப் பழகியவர். வயதுக்கு வந்த நாளோடு அவருக்குக் கிணறு நின்றுபோனது. கூடப் பழகிய அண்ணன் தம்பிகளுக்கு நிற்கவில்லை. “நீச்சல் மறக்காதும்பாங்க. சேலையோட குதிச்சுப் பாத்தாத்தான தெரியும்” என்று சிரிப்பார்.

நம் மொழியில் பாதுகாப்பு என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. ஒருவரை இன்னொருவர் காவல் காப்பதும் பாதுகாப்பு. ஆபத்து இன்னதென்று அறிந்து தன்னைக் காத்துக்கொள்வதும் பாதுகாப்பு. பெண்களுக்கு முதலாவது தாராளமாகக் கிடைக்கிறது. அது கிடைப்பதையே காரணம் காட்டி இரண்டாவது மறுக்கப்படுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்த எனக்குத் தேக்கடி பக்கத்து ஊர். எங்கள் வயலுக்கு வரும் தண்ணீர் அந்த ஏரியிலிருந்து வருகிறது. 2009 செப்டம்பர் 30 அன்று மாலை அங்கே ஜலகன்யகா என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் நகர்ந்ததில் படகு சாய்ந்தது என்றார்கள். படகின் கட்டுமானத்தைப் பற்றியும் அதில் ஏற்றிய ஆட்களைப் பற்றியும் கேள்விகள் எழுந்தன. எங்கள் தெருவிலோ, “சனங்க ஒரே பக்கம் ஓடுனா படகு என்ன செய்யும்?” என்பதே பேச்சாக இருந்தது.

மேல்தளத்தில் கனம் ஏற ஏறப் படகு எளிதாகச் சாயும் என்பது படகு விடுகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய பாடம். டிக்கெட் வாங்கி ஏறிய ஒரு பெண், மடியில் பிள்ளையோடு, அதை எங்கே படித்திருப்பாள்? சொல்லித்தராத ஒன்றைத் தெரியாமல் இருந்ததற்காக ஒருவரைக் குற்றம் சொல்வது பெண்களுக்குப் பழகிய அநியாயம்தான். ராத்திரியில் ஏன் போனாய், அந்த வழியாக ஏன் போனாய் என்ற வரிசையில் ஏன் அந்தப் பக்கம் சாய்ந்தாய் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

நியூயார்க் சட்டத்திலும் எனக்கு இந்தக் குறை தெரிகிறது. அது ஓட்டுகிறவரை மட்டுமே மாணவராகப் பார்க்கிறது. அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல் 26 அடிக்குக் குறைவான பல இயந்திரப் படகுகளில், ஓட்டுபவர் இயந்திரத்தை நிறுத்தும் விசையோடு தன்னைக் கயிற்றால் இணைத்துக்கொள்ள வேண்டும். அவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு இழுபட்டு இயந்திரம் நின்றுவிடும். படகு சுற்றிவந்து அவர்மேலேயே ஏறாது. நல்ல ஏற்பாடு. ஆனால் இயந்திரம் நின்ற பிறகு? படகில் மிஞ்சியிருப்பவர்தான் அவரைத் தூக்கி ஏற்ற வேண்டும், படகைக் கரை சேர்க்க வேண்டும். பெரும்பாலான குடும்பங்களில் ஓட்டுகிற இருக்கை யாருக்கு, பக்கத்து இருக்கை யாருக்கு என்று நமக்குத் தெரியும். அந்தப் பக்கத்து இருக்கையிடம் சட்டம் எதையும் கேட்பதில்லை, எதையும் கற்றுத்தருவதும் இல்லை. என்றென்றும் பயணியாகவே இருக்கப்போகிறவள் என்று முடிவுகட்டிவிடுகிறது.

கற்றுத்தர வேண்டியவை மலைபோல் இல்லை. 2023இல் அமெரிக்காவில் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தார்கள். மரணத்துக்குக் காரணம் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மூழ்கி இறந்தவர்கள்; அப்படி மூழ்கியவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. சேலைக்கு மேல் அதை எப்படி இறுக்கிக் கட்டுவது, குழந்தைக்கு எந்த அளவு, படகில் எத்தனை பேர் ஏறலாம், கவிழ்ந்தால் நீந்திப் போக முயலாமல் படகையே பிடித்துக்கொண்டு மிதப்பது எப்படி என்பதைப் படகுத்துறையிலேயே பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். நீச்சலைப் பள்ளியில் சொல்லித்தரலாம், வயதுக்கு வந்த பிறகும்.

“ஆழம் தெரியாமல் காலை விடாதே” என்ற பழமொழியை நம் வீடுகளில் பெண் பிள்ளைகளைத் தடுக்கவே பயன்படுத்தியிருக்கிறார்கள். அது காலை விடாதே என்று நிறுத்திக்கொள்ளவில்லை. ஆழத்தைத் தெரிந்துகொள் என்கிறது. தெரிந்துகொண்ட பிறகு இறங்குவதா, கரையில் நிற்பதா, துடுப்பைக் கையில் வாங்குவதா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.