தெரிந்தும் கேளாதவர்கள்

சென்ற செப்டம்பரில் வேலை நிமித்தம் மூன்று வாரம் பலேர்மோவில் இருந்தேன். தங்கியது மாமி வீட்டில். மாமி அந்த நகரத்தில் முப்பது வருடமாக வீட்டு வேலை செய்பவர். ஒரு ஞாயிறு விடியற்காலை அவரோடு பெல்லெகிரினோ மலையேறி, சாந்தா ரொசாலியாவின் குகைக்கோவிலுக்குப் போனேன். சைவரும் கத்தோலிக்கருமாக எம்மவர்கள் அந்த மலையை ஏறுவது பலேர்மோக்காரருக்குப் பழகிய காட்சி. இறங்கும்போது மாஃபியாவைப் பற்றிக் கேட்டேன். மாமி சிரித்தார். "ஆர் என்ன செய்யிறான் எண்டு இஞ்ச எல்லாருக்கும் தெரியும் தம்பி. ஒருத்தரும் கேளாயினம்."

அன்றிரவு 'சால்வோ' படத்தைப் பார்த்தேன். ஃபாபியோ கிராசடோனியாவும் அந்தோனியோ பியாட்சாவும் இயக்கி 2013இல் வெளிவந்த படம். கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் முதற்பரிசு பெற்றது. பலேர்மோவில் ஒரு மாஃபியாத் தலைவனுக்காகக் கொலை செய்பவன் சால்வோ. பலஸ்தீன நடிகர் சாலே பக்ரி அதிகம் பேசாமலே அவனாக வாழ்கிறார். எதிரியைக் கொல்ல ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். அங்கே எதிரியின் தங்கை ரீட்டா, பார்வையற்றவள். படம் அவசரப்படுவதில்லை. அவள் காதால் அறிவதை நாமும் காதால் அறிந்துகொண்டு காத்திருக்கிறோம். அண்ணன் கொல்லப்படும் அந்த வேளையில் அவளுக்குப் பார்வை திரும்பத் தொடங்குகிறது. சால்வோவால் அவளைக் கொல்ல முடியவில்லை, ஒளித்துவைக்கிறான்.

ஆனால் எனக்குள் தங்கிவிட்டவர்கள் அவர்கள் இருவருமல்ல. சால்வோ வாடகைக்கு இருக்கும் வீட்டின் கணவனும் மனைவியும். கெட்டவர்கள் அல்ல, பயந்தவர்கள். தங்கள் வீட்டில் இருப்பவன் யார் என்று அவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களைப் போல நடந்துகொள்கிறார்கள்.

இரட்டை வாழ்க்கை என்றதும் எது முகம், எது முகமூடி என்றுதான் கேட்கிறோம். அந்தக் கேள்வியே பிழை என்று இப்போது நினைக்கிறேன். என் தொழிலில் ஒரே கணினியில் இரண்டு கணக்குகளைத் திறந்து, ஒன்றில் இருப்பது மற்றதற்குத் தெரியாமல் செய்துவிடலாம். மனிதனுக்குள் அப்படி ஒரு சுவர் தானாக நிற்பதில்லை. சுற்றியிருப்பவர்கள் கேளாமல் இருந்து அதைக் கட்டிக்கொடுக்கிறார்கள்.

அதே பலேர்மோவில், பிரான்காச்சோ என்ற பகுதியில், கேட்ட ஒருவர் இருந்தார். பங்குத்தந்தை ஜுசெப்பே புலீசி. மாஃபியாவின் கையில் சிக்கக்கூடிய பிள்ளைகளுக்காக ஒரு நிலையம் திறந்தார். பிரசங்கத்தில் அந்த மனிதர்களையே விளித்து, வாருங்கள், பேசுவோம் என்றார். 1993 செப்டம்பர் 15, அவருடைய 56ஆவது பிறந்தநாளன்று வீட்டு வாசலில் சுட்டுக்கொன்றார்கள். சுட்ட சல்வத்தோரே கிரிகோலி 1997இல் கைதாகிப் பின்னர் வாக்குமூலம் கொடுத்தான். பாதிரியார் தங்களைப் பார்த்துச் சிரித்தார், இதை எதிர்பார்த்திருந்ததாகச் சொன்னார், அந்தச் சிரிப்பைத் தன்னால் மறக்க முடியவில்லை என்றான். சால்வோ திரைக்கு வந்த அதே 2013 மே மாதம், 25ஆம் திகதி, திருச்சபை புலீசியை அருளாளராக அறிவித்தது. பலேர்மோ பேராலயத்தில் அவருடைய கல்லறை முன்னால் நின்றேன். அங்கே எனக்கு நினைவு வந்தவர் இன்னொருவர்.

லண்டனில் முதுகலை படிக்க வந்தபோது என்னைத் தாங்கியவர் ஒரு அண்ணை. இரண்டு தவணை வாடகை கட்டினார். குளிர்ச்சட்டை வாங்கித் தந்தார். என் மகளுக்கு ஏடு தொடக்கியவரும் அவரே. அப்பா சாவதற்கு முந்திய வருடம் தொலைபேசியில் ஒரு விஷயம் சொன்னார். எண்பதுகளில் எங்கள் ஒழுங்கையில் ஒருவரை இரவில் கூட்டிக்கொண்டு போனார்கள். காலையில் அவர் மின்கம்பத்தில் கட்டப்பட்டுக் கிடந்தார், கழுத்தில் 'துரோகி' என்ற அட்டையோடு. கூட்டிக்கொண்டு போனவர்களில் அண்ணையும் ஒருவர். "உனக்குச் செய்ததை மறக்காதை. அதையும் மறக்காதை," என்றார் அப்பா.

ஒன்பது வருடமாக நான் இரண்டையும் மறக்கவில்லை. கேட்கவும் இல்லை. அப்போது அண்ணைக்குப் பத்தொன்பது வயது என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். காலம் அப்படி, எல்லோரும் செய்தார்கள், இனிக் கிளறி என்ன பயன் என்றேன். இதை மரியாதை என்று நம்பினேன். அந்த வாடகைவீட்டுத் தம்பதியும் தங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அண்ணையின் அன்பு நடிப்பு அல்ல. எனக்குத் தெரியும், அதை உண்டு வளர்ந்தவன் நான். அதனால்தான் கேட்கவேண்டியிருக்கிறது. கொலையை மட்டும் பார்த்தால் அவரைப் பாதி மனிதராக்குகிறேன். அன்பை மட்டும் பார்த்தாலும் அப்படியே. புலீசி கூப்பிட்டது தண்டிக்க அல்ல. செய்ததைச் சொல்லக்கூடிய முழு மனிதர்களாக அவர்களை மதித்ததால் கூப்பிட்டார். மின்கம்பத்தில் கிடந்தவரின் மகள் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறாள். அவளுக்கு ஒரு பதில் யாரிடமிருந்தோ வரவேண்டும். அதை நான் மன்னிக்கவோ மறைக்கவோ முடியாது.

அண்ணை இந்த இதழின் சந்தாதாரர். முதற்பக்கம் தொடங்கிக் கடைசிவரை வாசிப்பவர். தைப்பொங்கலுக்கு வழமைபோல வீட்டுக்கு வருவேன் அண்ணை. கதைப்போம்.