தங்காத பிள்ளை

“பெத்தது ஆறு, தங்குனது அஞ்சு.” எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் அப்பத்தா இப்படித்தான் சொல்வார். தாத்தா “அஞ்சு” என்பதோடு முடித்துக்கொள்வார். 2001, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் மணமான பெண்களிடம் உயிரோடு பிறந்தவை எத்தனை, இப்போது இருப்பவை எத்தனை என்று இரண்டு கேள்விகள் கேட்டார்கள். அப்பத்தாவின் கணக்கும் அதுதான்.

வம்சாவளி எழுதத் தொடங்கியபோது அந்த ஆறாவது பிள்ளையைத் தேடினேன். பழைய இறப்புப் பதிவேட்டில், 1958-ல், ஒரே ஒரு வரி: பெண் குழந்தை, ஒன்பது நாள், காய்ச்சல், தகப்பன் பெயர். தாயின் பெயர் இல்லை. பெயர் வைப்பதற்குள் போய்விட்டதால் குழந்தைக்கும் பெயர் இல்லை.

எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். 1986-ல் ‘இந்தியா டுடே’ அங்கே நடந்த பெண்சிசுக் கொலைகளைப் பற்றி எழுதியது. அதைப் படித்து வளர்ந்த நான் கேட்டுவிட்டேன்: “காய்ச்சல்தானா, அப்பத்தா?”

“உங்க தாத்தாகிட்ட கேட்டியா?” என்றார்.

தாத்தா திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உண்மையைத் தேடுவது தவறா? இல்லை. அந்தக் குழந்தைக்கு அநீதி நடந்திருந்தால், நான் பேசாமல் இருப்பது அவளை இரண்டாம் முறை புதைப்பதாகும். ஆனால் யாரிடம் கேட்கிறோம் என்பதிலும் ஒரு நியாயம் வேண்டும். பதிவேட்டில் பிள்ளை தகப்பனுடையது. சொத்தும் வம்சமும் அவன் வழி. சாவுக்குப் பதில் சொல்ல மட்டும் தாய் வரவேண்டுமா? பெண் பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுக்கும் வீட்டில், பெற்றவளின் சொல் எத்தனை தூரம் எடுபட்டிருக்கும்? நான் ஆராய்ச்சி என்று நினைத்துக் கேட்டது, அவருக்கு விசாரணையாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்த முறை வேறு மாதிரி கேட்டேன். அப்போது கூட யார் இருந்தார்கள்? தூக்கிக்கொண்டு போனது யார்? நீங்கள் என்ன செய்தீர்கள்? கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் வந்தது.

“பால் கட்டிக்கிட்டு மாரு கல்லா கெடந்துச்சு. ஏன்னு ஒருத்தரும் கேக்கல.”

காய்ச்சல்தானா என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. தாத்தாவிடமும் பிறகு கேட்டேன். “அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்” என்றார்.

வம்சாவளியில் ஆறாவது கோடு இழுத்து, ‘பெண், ஒன்பது நாள்’ என்று எழுதியிருக்கிறேன். பெயர் வைக்க எனக்கு உரிமையில்லை. மேலே தாய், தகப்பன் இருவர் பெயரும் இருக்கின்றன.