குடியிருப்போரின் கூட்டுறுதி

கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்துத் தொண்டாமுத்தூரில் லைன் வீடொன்றில் வாடகைக்கு வாழும் ஏழைக் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். திடீரென வாடகை உயர்கிறது. மறுத்தால் தண்ணீர் நின்றுவிடுமோ என்னும் அச்சம். அண்டை வீட்டார் ஒன்றுகூடி நியாயம் கேட்கலாமா? அது நிழல் தந்தவருக்குச் செய்யும் நன்றிகேடாகாதா? நல்லவர் பலரைத் தயங்கவைக்கும் வினா இது.

வாடகை வீடு தானமன்று, ஒப்பந்தம். கடமை இருவருக்கும் உண்டு. 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும் என்கிறது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதைத் தடுக்கிறது. ஆயினும் தனியொருவர் சட்டம் பேசினால், "வீட்டைக் காலி செய்" என்பதே பெரும்பாலும் விடையாகிறது.

நபித்துவத்திற்கு முந்திய மக்காவிலும் இந்நிலை இருந்தது. யமன் நாட்டு வணிகரிடம் சரக்கு வாங்கிய ஆஸ் இப்னு வாயில் விலை தர மறுத்தான். வந்தவருக்கு அவ்வூரில் கேட்பாரில்லை. அப்போது குறைஷியருள் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் இல்லத்தில் கூடி, அநீதிக்குள்ளானவர் எவராயினும் துணைநிற்பதென உறுதி பூண்டனர். அதுவே ஹில்புல் புளூல். வாலிபப் பருவத்தில் அதில் பங்குகொண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், பின்னாளிலும் அதனைப் போற்றினார்கள்.

எனவே கூடுவது குற்றமன்று. கூடியபின் நேர்மை தவறுவதே குற்றம். வாடகையைத் தவணை தவறாது செலுத்துவோம். வீட்டை அமானிதமாகப் பேணுவோம். வாடகையையே நம்பி வாழும் விதவையும் வீட்டுக்காரராக இருக்கலாம் என்பதை மறவோம். அநீதி செய்பவரைத் தடுப்பதும் அவருக்குச் செய்யும் உதவியே என்பது நபிகளாரின் போதனை. அவ்வுதவி நன்றிகேடு ஆகாது.