கரணையும் விதையும்

பெற்ற பிள்ளை தம்மைப் போலவே இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கப் பெற்றோருக்கு உரிமை உண்டா? “என்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறான்” என்று சொல்லிப் பூரிப்பதை நாம் அன்பு என்றே எண்ணிவிடுகிறோம். அந்தப் பூரிப்பில் அன்பு எவ்வளவு, தன்னலம் எவ்வளவு?

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட வல்லம் வட்டாரத்தில் கரும்பு பயிரிடும் குடியானவர் விதையைத் தேடிப் போவதில்லை. விளைந்த கரும்பையே துண்டு துண்டாக வெட்டிக் கரணையாக நடுகிறார். அதில் முளைப்பது தாயின் பிள்ளை அன்று, தாயேதான். அதனால் குணம் மாறுவதில்லை. ஆனால் செவ்வழுகல் நோய் ஒரு கரும்பை வெல்லக் கற்றுக்கொண்டால் கொல்லை முழுவதையும் வெல்லக் கற்றுக்கொண்டதாகும்.

விதையின் வழி வேறு. மகரந்தமோ முட்டையோ உருவாகும்போது, தாய்வழி வந்த குரோமோசோமும் தந்தைவழி வந்த குரோமோசோமும் முதலில் ஜோடி சேர்கின்றன. ஒட்டி நிற்கையில் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. பின்னர் ஜோடி பிரிந்து ஆளுக்கொரு முனைக்குப் போகின்றன. அடுத்த பிரிவில் ஒவ்வொன்றும் இரண்டு இழைகளாகப் பிரிகிறது. மனிதரிடம் 46 இருக்க, பிள்ளைக்குப் போவது 23. எந்த ஜோடியிலிருந்து எது போகும் என்று பெற்றவரைக் கேட்பார் இல்லை. துண்டு மாற்றத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டாலே 83,88,608 விதங்கள்!

‘பாதிக்குப் பதில் மேலும் கொடுத்தால் பிள்ளை நம்மைப் போல் ஆகிவிடாதோ?’ என்று கேட்கத் தோன்றும். அதற்கும் கரும்பே விடை சொல்கிறது. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் இனிய கரும்பைக் காட்டு நாணலோடு கலந்தார்கள். 1918-இல் ‘கோ 205’ வெளிவந்தது. தாய்க் கரும்புக்கு 80 குரோமோசோம்கள், நாணலுக்கு 64. நாணல் முறைப்படி 32 தந்தது. தாயோ, 40 தரவேண்டிய இடத்தில் விதிவிலக்காக 80 தந்துவிட்டது. பிள்ளைக்கு 112. இப்படி வாரி வழங்கிய தாய்க்கும் தன் நகல் பிறக்கவில்லை. பிறந்தது ஒல்லிக் கரும்பு. ஆனால் வட இந்தியாவின் கடுமையைத் தாங்கியது. அந்த உறுதி, குட்டையோரம் கேட்பாரற்று நின்ற புல்லின் சீதனம். 1934-இல் அந்நிலையத்துக்கு வந்து, கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்த ஜானகி அம்மாளும் இத்தகைய கலப்புகளில்தான் உழைத்தார்.

இயற்கை செய்வதெல்லாம் அறமாகிவிடாது என்பது உண்மையே. ஆயினும், நடக்க இயலாத ஒன்றைக் கடமை என்று கேட்பதும் அறமாகாது. தந்தையின் தொழிலையும் தாயின் விருப்பத்தையும் ஏற்காத மகளை ‘குலத்துக்கு ஆகாதவள்’ என்கிறோமே, அந்தக் குலம்தான் எது? நம்முள் கலந்து, துண்டு மாறி, பாதியாகி அவளிடம் போனவர்கள் நாம் பெயரும் அறியாத பாட்டன் பாட்டிமார். அவர்களில் யார் அவளிடம் பேசுகிறார்களோ, நமக்கென்ன தெரியும்?

கொடுக்கிறவரை கொடுத்துவிட்டு, என்ன முளைக்கிறது என்று பொறுத்திருந்து பார்ப்பதே பெற்றோரின் பங்கு. கரும்புக் கொல்லைக்குக் கரணை போதும், வீட்டுக்குப் போதாது.