கொலுப்படியும் கண்ணாடிப் பேழையும்

திருச்சானூரில் பத்மாவதித் தாயாரைத் தரிசித்துவிட்டு வெளியே வரும் யாத்ரிகர்கள் அடுத்துத் தயங்கி நிற்கும் இடம் பெரும்பாலும் பொம்மைக் கடையாகவே இருக்கிறது. குழந்தை கையைப் பிடித்து இழுக்கிறது. பெரியவர்களும் அதிகம் மறுப்பதில்லை. ஆணும் பெண்ணுமாக இணைந்த மரப்பாச்சிகளை ஒரு தாய் வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த இணைக்கு நம் மரபில் இரண்டு விதமான வாழ்க்கை உண்டு. ஒன்று, குழந்தையின் கை. மற்றொன்று, நவராத்திரிக் கொலுவின் படி. இக்காலத்தில் மூன்றாவதாகவும் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. அது யாரும் தொடாதபடி பூட்டி வைக்கப்பட்ட கண்ணாடிப் பேழை.

பொம்மை ஒன்றுதான். ஆனால் அதை வைத்திருக்கும் மனம் மூன்று இடங்களிலும் ஒன்றாக இருப்பதில்லை. பொருள்களைத் தேடித் தேடிச் சேர்ப்பது பற்றா, அல்லது பேணுதலா? சேர்ப்பவர் தாமே தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. பொம்மை என்னும் சிறிய பொருளை வைத்தே இதைச் சிந்திக்கலாம். சிறிய பொருளில் தெரியும் மனத்தின் இயல்புதான் பெரிய பொருள்களிலும் செயல்படுகிறது.

கை பட்டு வளர்ந்த பொம்மை

மரப்பாச்சிக்குப் பழங்காலந்தொட்டே பெயர்பெற்ற ஊர் திருப்பதி. சேஷாசல மலைத்தொடரில் வளரும் செம்மரத்தில் கடைந்த இப்பொம்மைகள் திருமலை யாத்திரையின் நினைவாகத் தமிழகத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. புதுமணப் பெண்ணுக்குத் தாய்வீட்டார் மரப்பாச்சி இணையைச் சீராகக் கொடுப்பார்கள். அதைக் கொண்டு அவள் புகுந்த வீட்டில் கொலுவைத் தொடங்குவாள். வீட்டுச் சிறுமியர் அதற்குப் பாவாடையும் வேட்டியும் கட்டி, கல்யாணம் செய்து வைத்து, விருந்தும் போடுவார்கள். பல் முளைக்கும் குழந்தை அதைக் கடிக்கும். கல்லில் உரைத்து மருந்தாகப் பூசும் வழக்கமும் இருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பொம்மையின் மூக்கு தேய்ந்திருக்கும், கண் மழுங்கியிருக்கும். ஆனால் அதனால் அதன் மதிப்பு குறைந்துவிட்டது என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. 'இது என் அம்மா விளையாடியது' என்று சொல்லித்தான் பேத்தியிடம் கொடுத்தாள். தேய்மானமே அதன் பெருமை.

விளையாடப்படாததற்கே விலை

இனி ஜப்பானைப் பார்ப்போம். 1954 மார்ச் 1ஆம் நாள் பிகினித் தீவுக்கூட்டத்தில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு சோதனை நடத்தியது. அதன் நச்சுச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின்மீது பொழிந்து, அதிலிருந்த 23 மீனவர்களையும் பாதித்தது. அதே ஆண்டு நவம்பர் 3ஆம் நாள், குண்டு சோதனையால் கிளர்ந்தெழுந்து நகரங்களை அழிக்கும் ஒரு பெரும் மிருகத்தின் கதையாக 'கோஜிரா' என்ற திரைப்படம் அந்நாட்டில் வெளிவந்தது. உலகம் அதைக் காட்ஸில்லா என்று அறிந்தது. 1966இல் 'அல்ட்ராமேன்' முதலிய தொலைக்காட்சித் தொடர்கள் வாரந்தோறும் புதிய அரக்கர்களைக் கொண்டுவந்தபோது, மருசான் என்ற நிறுவனம் அவற்றை மென்மையான வினைல் பொம்மைகளாகச் செய்து விற்றது. அதன் பின் புல்மார்க் என்ற நிறுவனம் அப்பணியைத் தொடர்ந்தது. 1974இல் பாப்பி நிறுவனம் மாசிங்கர் என்னும் இயந்திர மனிதனைக் கனத்த உலோகக் கலவையில் வார்த்து வெளியிட்டது.

தந்தையரை அச்சுறுத்திய அழிவு, பிள்ளைகளின் கையில் அடங்கும் விளையாட்டுப் பொருளாயிற்று. பயந்ததைக் கையில் பிடித்து விளையாடும்போது குழந்தையின் பயம் தெளிகிறது. அந்த மலிவான வினைல் பொம்மைகள் செய்த நற்பணி இது. குளியல் தொட்டியில் நீந்தி, மணலில் புரண்டு, நாயின் வாயில் அகப்பட்டு, அவற்றில் பெரும்பாலானவை அழிந்துபோயின. பொம்மைக்கு அதைவிட நல்ல முடிவு வேறென்ன?

அவற்றில் சில மட்டும் தப்பின. கடையின் பின்னறையில் விற்காமல் கிடந்தவை, உறை பிரிக்கப்படாமலே மறக்கப்பட்டவை ஆகியவையே அவை. இன்று உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் பெரும் பணம் கொடுத்துத் தேடுவது இவற்றைத்தான். ஒரு குழந்தையின் கைகூடப் படாத பொம்மைக்கே உச்ச விலை.

இதில் உள்ள முரணைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு பழைய பொம்மை அரிதாக இருக்கக் காரணம், அதன் உடன்பிறப்புகளை ஆயிரக்கணக்கான குழந்தைகள் அன்பால் தேய்த்து அழித்ததுதான். அந்த அன்புதான் விலையை உண்டாக்கியது. விலையைப் பெறுவதோ அந்த அன்பு கிடைக்காத பொம்மை! பயன்பட்டது மதிப்பிழக்கிறது, பயன்படாதது மதிப்பேறுகிறது. திருவள்ளுவர் பயன்படாத செல்வத்தைப் பற்றி 'நன்றியில் செல்வம்' என்று தனி அதிகாரமே வகுத்தார். அவர் குறையாகக் கண்ட ஒன்றைச் சந்தை நிறைவாகக் கொண்டாடுகிறது.

காலியிடத்தின் ஆட்சி

ஆயினும் சேகரிப்பவரை அவசரப்பட்டுக் குறைகூறுவது நியாயமாகாது. 'என் உழைப்பில் வந்த பணம். யாரையும் ஏமாற்றவில்லை. எனக்கு மகிழ்ச்சி தருகிறது. நான் காப்பாற்றாவிட்டால் இவையெல்லாம் குப்பைக்குப் போயிருக்கும்' என்று அவர் கூறலாம். அதில் உண்மை உண்டு.

புகழ்பெற்ற கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர், ஹங்கேரி நாட்டுத் தூதர் அளித்த ஒரு பொம்மையில் தொடங்கி நாடு நாடாகப் பொம்மைகளைச் சேர்த்தார். அவற்றைத் தம் வீட்டு அலமாரியில் அடைத்து வைக்காமல், குழந்தைகளின் ஓவியங்களோடு சேர்த்துக் கண்காட்சிகளில் வைத்தார். அதன் வளர்ச்சியாக 1965 நவம்பர் 30ஆம் நாள் புதுதில்லியில் அவர் பெயரிலேயே பொம்மை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஜப்பானின் சாமுராய் வீரனும் நம் நாட்டு மணமக்களும் அங்கே ஒரே கூரையின்கீழ் நிற்கிறார்கள். அவரும் சேர்த்தவர்தான். அதைப் பேராசை என்று யாரும் சொல்லமாட்டோம்.

அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? எண்ணிக்கையில் இல்லை. ஆயிரக்கணக்கில் சேர்த்தவர் பற்றற்றவராக இருக்கலாம். ஒரே ஒரு பொம்மையைக் கொண்டு ஒருவர் தம்மைக் கட்டிப்போட்டுக்கொள்ளவும் கூடும். பொருளின்மீதுள்ள அன்பு வேறு, வைத்திருத்தலின்மீதுள்ள ஆசை வேறு. முன்னது எதிரே இருக்கும் பொருளைப் பார்க்கிறது. பின்னது இல்லாத பொருளையே பார்க்கிறது. நூறு பொம்மைகள் உள்ள வரிசையில் ஒன்று குறைந்தால், தொண்ணூற்றொன்பதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. காலியிடம் மட்டுமே தெரிகிறது. வணிகர்கள் இதை நன்கு அறிவார்கள். அதனால்தான் இன்றைய தயாரிப்பாளர்களில் பலர் ஒரே அச்சில் வார்த்த அரக்கனை வேறுவேறு வண்ணங்களில், சிறிது சிறிதாக வெளியிடுகிறார்கள். ஒரு காலியிடம் நிரம்பும்போதே மற்றொன்று பிறந்துவிடுகிறது. உடைமை எதுவோ, உடையவன் யாரோ என்ற ஐயம் அப்போது எழத்தான் செய்கிறது.

பதஞ்சலி முனிவர் யமங்கள் ஐந்தனுள் ஒன்றாக அபரிக்கிரகத்தை வைத்தார். எதையும் வைத்துக்கொள்ளாமல் வறுமையில் வாடு என்பது இல்லறத்தாருக்கு அதன் பொருளன்று. பொருளைப் பிடித்திருக்கும் கை, வேண்டும்போது திறக்கவும் முடிய வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

கொலு கற்பிக்கும் ஒழுங்கு

கொலுவும் ஒரு சேகரிப்புதானே என்று கேட்கலாம். ஆம், சேகரிப்பே. ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்கிச் சேர்ப்பது பல குடும்பங்களில் வழக்கம். ஆனால் நம் முன்னோர் அந்தச் சேகரிப்பைச் சுற்றிச் சில ஒழுங்குகளை அமைத்தார்கள்.

கொலு வைத்த வீடு கதவைத் திறந்து வைக்க வேண்டும். வருபவர் யாராயினும் அழைத்து, மஞ்சள் குங்குமமும் சுண்டலும் கொடுக்க வேண்டும். விலையுயர்ந்த பொம்மையும் செட்டியார் கடைப் பொம்மையும் ஒரே படியில் அருகருகே நிற்கும். விஜயதசமி இரவில் ஒரு பொம்மையையாவது படுக்க வைத்துக் கொலுவை நிறைவு செய்வார்கள். பிறகு எல்லாம் பழந்துணியில் சுற்றப்பட்டுப் பரணுக்குப் போகும். காட்சி ஒன்பது நாள். மறைவு ஆண்டின் பெரும்பகுதி. வைத்திருப்பதிலும் ஒரு விரதம் இருக்கிறது என்பதை இதைவிட எளிதாகக் குழந்தைகளுக்கு எப்படிக் கற்பிக்க முடியும்? இறுதியில் அந்த மரப்பாச்சி இணை மகளுக்கோ மருமகளுக்கோ போய்ச் சேரும். 'எனது' என்பதைவிட 'என் வழியாகச் செல்வது' என்ற எண்ணமே அதில் ஓங்கி நிற்கிறது.

இந்த ஒழுங்கு தளர்ந்தால் கொலுவும் கண்ணாடிப் பேழையாகிவிடும். எத்தனை படி, எவ்வளவு செலவு, யார் வீட்டுக் கொலுவுக்குப் பரிசு என்ற பேச்சு ஓங்கும்போது, தேவியின் சபை நம் செல்வத்தின் கண்காட்சியாகச் சுருங்குகிறது.

மரம் கேட்கும் கேள்வி

சேகரிப்பவர் தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய மற்றொரு கேள்வி உண்டு: நான் விரும்புவதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

செம்மரம் உலகில் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே. மிக மெதுவாக வளரும் மரம் அது. சீனத்தில் உயர்ந்த அறைகலன்களுக்கும், ஜப்பானில் சாமிசென் என்னும் மூன்று நரம்பு இசைக்கருவியின் கழுத்துக்கும் அது விரும்பப்படுகிறது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையில் 1995ஆம் ஆண்டு அது சேர்க்கப்பட்டது. ஆயினும் கடத்தல் நிற்கவில்லை. 2015 ஏப்ரல் 7ஆம் நாள், திருச்சானூர் அப்போது அடங்கியிருந்த சித்தூர் மாவட்டத்தின் சேஷாசலக் காட்டில், தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் ஆந்திரக் காவல் படையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அவர்கள் மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறப்பட்டது. அந்த நிகழ்ச்சி குறித்து எழுந்த வழக்குகளுக்குள் இங்கே நாம் செல்லவில்லை. மரம் யாருடைய வரவேற்பறைக்குப் போய்ச் சேர இருந்ததோ, அவர் இறந்தவர்களின் பெயரைக்கூட அறியமாட்டார் என்பது மட்டும் உறுதி.

அந்த மரங்கள் பொம்மைகளுக்காக வெட்டப்பட்டவை அல்ல. ஆனால் 'அசல்தான் வேண்டும், அரியதுதான் வேண்டும்' என்ற விருப்பத்தின் இயல்பு எங்கும் ஒன்றே. இன்று கடைகளில் உள்ள மரப்பாச்சிகளில் பல வேறு மரத்தில் கடைந்து சாயம் ஏற்றியவை. அதைக் குறையாக எண்ணி முகம் சுளிக்க வேண்டியதில்லை. கல்யாணம் செய்து வைக்கும் சிறுமிக்கு மரத்தின் சாதி தேவையில்லை. ஆணும் பெண்ணுமாக இரண்டு இருந்தால் போதும்.

விடைகொடுக்கும் கலை

சேர்ப்பதற்கு ஆயிரம் பேர் வழிகாட்டுவார்கள். விடுவதற்கு வழிகாட்டுபவர் சிலரே. இதில் ஜப்பானியர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு வழக்கம் உண்டு. டோக்கியோ நகரின் உயேனோ பகுதியிலுள்ள கியோமிசு கன்னோன் ஆலயத்தில் ஆண்டுதோறும் செப்டம்பர் 25ஆம் நாள் பொம்மைகளுக்கு நன்றி செலுத்தும் சடங்கு நடைபெறுகிறது. குழந்தைகள் வளர்ந்த பின் வீட்டில் எஞ்சிய பொம்மைகளை மக்கள் அங்கே கொண்டுவந்து சேர்க்கிறார்கள். துறவிகள் ஓதி அவற்றுக்கு விடைகொடுக்கிறார்கள். வழிபட்ட மண்பிள்ளையாரை நீரில் கரைக்கும் நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. நன்றியோடு விடுவது அலட்சியமாக வீசுவதாகாது.

வாழ்நாள் முழுதும் சேர்த்தவருக்கு ஒருநாள் 'எனக்குப் பின் இவை யாருக்கு?' என்ற எண்ணம் வரும். விடை தெரியாதபோது அந்த எண்ணம் துன்பமாகிறது. பிள்ளைகளுக்கு அதில் நாட்டமில்லை, விற்கவோ மனமில்லை. சேகரிப்பின் பாரம் அப்போதுதான் முழுமையாகத் தெரிகிறது. கை நடுங்கத் தொடங்குவதற்கு முன்பே சிலவற்றை ஒரு பள்ளிக்கும், சிலவற்றை ஓர் அருங்காட்சியகத்துக்கும், சிலவற்றை அவற்றின் அருமை அறிந்த ஓர் இளைஞனுக்கும் கொடுத்துப் பழகினால் அந்தத் துன்பம் வராது. கொடுத்த பின்னும் பார்த்து மகிழலாம். பார்ப்பதற்கு உடைமை தேவையில்லையே!

ஆகவே பொம்மை சேர்ப்பவர்கள் சேர்க்கட்டும். அதில் பாவம் ஒன்றுமில்லை. ஆண்டுக்கு ஒரு முறையேனும் பேழையைத் திறந்து, தமக்கு மிகவும் பிடித்த ஒன்றை எடுத்து, விளையாட வந்த ஒரு குழந்தையின் கையில் கொடுத்துப் பார்க்கட்டும். கீறல் விழலாம், விலையும் குறையலாம். அந்த நேரத்தில் தம் நெஞ்சு என்ன செய்கிறது என்பதைக் கவனித்தால் போதும். மகிழ்ந்தால் பொம்மை அவருடையது. பதறினால் அவர் பொம்மையுடையவர்.