கடைக் கணக்கும் ஊர்க் கணக்கும்

தொழிலில் ஜெயித்தவரிடம் ஊரை ஒப்படைத்தால் ஊரும் செழிக்கும் என்ற பேச்சு மலாக்காவிலும் அடிக்கடி காதில் விழுகிறது. அதற்குச் சாட்சி தேடினால் தமிழருக்குச் சட்டென்று கிடைப்பவர் பிட்டி தியாகராயர். (சென்னைத் தியாகராய நகரில் கல்யாணப் புடவை எடுத்துத் திரும்பும் நம்மவர் பலருக்கு அந்தப் பெயருக்குரியவர் யாரென்று தெரியாது.) நெசவுத் தொழிலும் தோல் வணிகமும் நடத்திய செல்வந்தர், சென்னை மாநகராட்சியின் தலைவராக அமர்ந்தவர். மேயர் என்ற பட்டம் அப்போது அங்கே வழக்கில் இல்லை. ஆனால் அவரை நல்ல தலைவராக்கியது வணிகம்தானா? 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர மன்றம் தீர்மானித்தது. தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பும் வைத்தது. அந்த வரம்பு வேண்டுமானால் கடைக்காரப் புத்தி. சிற்றுண்டியோ எந்தக் கடைப் பேரேட்டிலும் வரவாக ஏறாத செலவு. வறுமையால் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை என்று அறிந்தவர்கள் எடுத்த முடிவு அது. தியாகராயர் 1882 முதலே மாநகராட்சி உறுப்பினர். தலைமை நாற்காலி வந்தபோது ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஊரைப் படித்து முடித்திருந்தார்.

பணக்காரர் பொதுப்பணத்தில் கை வைக்கமாட்டார் என்பார்கள். சென்னை மாகாண முதலமைச்சர் பதவி தேடி வந்தும் வேண்டாமென்றவர் தியாகராயர், உண்மைதான். அது அந்த மனிதரின் குணம்; பணம் சேரச் சேர ஆசை அடங்கியதாக யாரும் கண்டதில்லை. தவிர, காசில்லாதவனைக் கடை திருப்பி அனுப்பலாம், ஊர் அனுப்ப முடியாது. 1933இல் சென்னையின் முதல் மேயரான முத்தையா செட்டியாருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லையே, அவருக்கு ஏது நாற்பதாண்டு அனுபவம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லேவாதேவியில் பெயர்பெற்ற குடும்பத்தின் செல்வாக்கு அவரைத் தூக்கிவிட்டது என்பதை மறுக்கமாட்டேன். ஆனாலும் அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் மன்ற உறுப்பினர்கள். அவர்களில் பெரும்பாலோர் வாக்காளரிடம் திரும்பிப் போக வேண்டியவர்கள். அந்தக் கடிவாளம்தான் முக்கியம்.

நம் நாட்டில் அது அறுந்து வெகுநாளாகிறது. 1957இல் ஜார்ஜ்டவுனின் முதல் மேயரான டி.எஸ். இராமநாதன் தேர்தல் வழி வந்தவர், தொழிலால் ஆசிரியர். 1965இல் உள்ளூராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. இன்று மலாக்காவின் டத்தோ பண்டாரை மாநில அரசு நியமிக்கிறது. நியமிக்கப்படுபவர் வணிகரானால் என்ன, அதிகாரியானால் என்ன? பத்து பெரண்டாமில் கால்வாய் அடைத்துக்கொண்டால் அவரை வாக்கால் கேட்க நமக்கு வழியில்லை. அடுத்த பொதுத்தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவரிடம், உள்ளூராட்சித் தேர்தலை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று முதலில் கேளுங்கள்.